திரிகூடத்திலிருந்து சீவலப்பேரி வரை

திருக்குற்றாலத்தில் அர்த்தஜாம வேளையில் குற்றாலநாதருக்குக் கஷாயம் நிவேதனமாகிறது. சுக்கு முதலிய மருந்துச் சரக்குகளை இட்டுக் காய்ச்சிய கஷாயம். சர்க்கரைப் பொங்கலும் புளியோதரையும் நிவேதனமாகும் தலங்களையே கண்டு பழகிய அன்பர்கள் முதன்முறை இதைக் கேட்கும்போது சற்றே புன்னகை செய்வதுண்டு. காரணத்தைக் கேட்டதும் அந்தப் புன்னகை வேறு விதமாக மாறிவிடும். அருவிக்கு அடுத்த வீட்டுக்காரராகவே சுவாமி எழுந்தருளியிருக்கிறார். இரவும் பகலும் சாரல் அடிக்கும் இடம். அவருக்குக் குளிர் தாக்கிவிடக் கூடாதே என்று, பெற்றவள் பிள்ளைக்குச் செய்வதைப் போல, ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கஷாயம் காய்ச்சிப் படைத்து வருகிறார்கள்.

தைலமும் உண்டு. திருமாலாக நின்ற திருமேனியின் சிரசில் அகத்திய முனிவர் கைவைத்து அழுத்திச் சிவலிங்கமாகக் குறுகச் செய்தார் என்பது தலபுராணம். அந்த அழுத்தத்தால் உண்டான தலைவலி தீர மூலிகைத் தைலம் சாத்துவதாக ஐதிகம். இறைவனுக்குத் தலைவலியா என்று தர்க்கம் பேசுவோர் பேசட்டும். மலையில் விளையும் மருந்தையும் மலையிலிருந்து இறங்கும் நீரையும் ஓயாமல் நினைத்துக்கொண்டிருந்த ஒரு ஊர், தன் கடவுளையும் அவற்றோடு சேர்த்தே நினைத்தது என்பதில் வியப்படைய ஒன்றும் இல்லை.

அந்த நீரின் பெயர் சிற்றாறு. சித்திரா நதி என்று புராணப் பெயரும் உண்டு. பெயரிலேயே தன்னைச் சிறியது என்று சொல்லிக்கொள்ளும் ஆறு அது. குற்றால மலையில் தோன்றித் தென்காசி, திருநெல்வேலி மாவட்டங்களின் வழியே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடி, சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலந்துவிடுகிறது. காவிரியோடும் வைகையோடும் ஒப்பிட்டால் ஓடை என்றே சொல்ல வேண்டும். ஆயினும் அந்த 80 கிலோமீட்டருக்குள் இத்தனை கோயில்களையும் இத்தனை வயல்களையும் வளர்த்த ஓடைகள் தமிழகத்தில் அதிகம் இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் குற்றாலத்துக்கு மேலே நிற்பது திரிகூடமலை. மூன்று சிகரங்களை உடையதால் அந்தப் பெயர். மும்மூர்த்திகளே மூன்று சிகரங்களாக நிற்பதாகப் பெரியோர் சொல்வார்கள். மலை உச்சியில் அடர்ந்த காடு. மழைநீர் வேர்களுக்கும் பாறைகளுக்கும் இடையே ஊறி, இழை இழையாகச் சேர்ந்து, முதலில் தேனருவியாக விழுகிறது. தேனடைகள் தொங்கும் பாறைகளுக்கு நடுவே விழுவதால் தேனருவி. அதற்குக் கீழே செண்பகாதேவி அருவி. அங்கே அம்மன் கோயில் இருக்கிறது. சித்திரா பௌர்ணமி அங்கே விசேஷம். அதற்கும் கீழேதான் உலகம் அறிந்த பேரருவி. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து விழும் நீர், நேராகத் தலையில் விழுந்தால் ஒருவரும் நிற்க முடியாது. பாறையின் நடுவில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான குழி அமைந்திருக்கிறது. நீர் முதலில் அதில் விழுந்து, பொங்கி, வேகம் தணிந்து பிறகு கீழே வருகிறது. கங்கையைச் சடையில் தாங்கி மெல்ல விட்டவரின் திருத்தலத்தில் பாறையும் அதையே செய்கிறது என்று கதாகாலட்சேபக்காரர் ஒருவர் சொன்னால் சபை தலையசைக்கும். பொருத்தமான உவமைதான்.

கோயிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் மேலே போக முடியாது. சங்கு வடிவில் அமைந்த கோயில் அது. அம்பிகை குழல்வாய்மொழி. தலவிருட்சம் குறும்பலா. திருஞானசம்பந்தர் குற்றாலத்துக்கு ஒரு பதிகமும் குறும்பலாவுக்குத் தனியே ஒரு பதிகமும் பாடியருளினார். மரத்துக்கு என்று தனிப் பதிகம் பெற்ற பெருமை எத்தனை தலங்களுக்கு வாய்த்தது? நடராஜப் பெருமானின் ஐந்து சபைகளில் சித்திர சபை இங்கேதான். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், இங்கே சித்திரம். பெருமான் இங்கே சிலையாக அல்லாமல் ஓவியமாகவே ஆடுகிறார். பக்கத்து ஊரான மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயர் இந்த மலையையும் அருவியையும் வைத்துக் குறவஞ்சி பாடினார். அதற்காக மதுரை நாயக்க மன்னர் கொடுத்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயராகிவிட்டது. கவிதைக்குக் கிடைத்த பரிசும் சிற்றாற்று நீர் பாயும் சீமையின் நிலம்தான்.

இந்த ஆற்றுக்கு ஆண்டில் இரண்டு வரவு. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே மேகத்தை இந்தப் பக்கம் தள்ளிவிடும். தமிழகத்தின் மற்ற பகுதிகள் காய்ந்து கிடக்கும்போது குற்றாலத்தில் மட்டும் பூப்போன்ற சாரல் விழும். குற்றால சீசன் என்பது அதுதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இரண்டாவது வரவு. ஆறு முதல் மழைக்குச் சிரிக்கும். இரண்டாவது மழைக்குச் சில ஆண்டுகளில் சீறும். வங்கிக் கணக்கில் இரண்டு முறை பணம் வந்தாலும் செலவு பன்னிரண்டு மாதமும் இருப்பது போல, இந்த இரண்டு வரவை வைத்துக்கொண்டு ஆண்டு முழுவதும் ஊரை நடத்த வேண்டியிருந்தது. அதை முன்னோர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதைப் பிறகு காணலாம்.

அருவியில் நீராடுவது விளையாட்டாகிப் போனது அண்மைக் காலத்தில்தான். பழைய தலைமுறையினர் குற்றாலத்துக்குப் போனால் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நின்று, ஈரவேட்டியோடு சுவாமி தரிசனம் செய்து, மூன்று நாளாவது தங்கித்தான் ஊர் திரும்புவார்கள். ரசிகமணி டி.கே.சி. இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்தார்கள். இப்போது விடுமுறை நாளில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் வாகனங்கள் ஒன்றையொன்று முட்டி நிற்கின்றன. மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் தள்ளுவண்டிகளுக்கு நடுவே நடந்துபோக வழி கிடைப்பதில்லை.

எண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வீட்டார் உள்ளங்கையளவு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த காலம் வேறு. ஒரே நாளில் ஆயிரக்கணக்கானவர்கள் எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் கொண்டு வந்து, பிளாஸ்டிக் உறைகளை அருவிக்கரையிலேயே விட்டுப் போகும் காலம் வேறு. நீதிமன்றம் தலையிட்டு இவற்றை அருவியில் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்யவேண்டி வந்தது. தடை நல்லது. ஆனால் சன்னிதிக்குள் செருப்போடு போகக் கூடாது என்பதற்கு எந்த நீதிமன்றமும் ஆணை பிறப்பித்ததில்லையே என்று எண்ணும்போது சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

மலையாற்றுக்கு இன்னொரு குணம் உண்டு. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே உச்சியில் மழை கொட்டியிருக்கலாம். 2024ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். பதினேழு வயதுப் பிள்ளை ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான். கோடை விடுமுறைக்காக உறவினர் வீட்டுக்கு வந்திருந்த பிள்ளை. மலைவாழ் மக்களும் அந்த ஊர்ப் பெரியவர்களும் நீரின் நிறத்தைப் பார்ப்பார்கள். தெளிந்த நீர் கலங்கத் தொடங்கினால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், அருவியின் ஓசை தடித்தால், அடுத்த கணமே கரையேறிவிட வேண்டும். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் தாத்தா பாட்டிமார்கள் இதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். காவலர் ஊதும் விசில் அருவியின் இரைச்சலில் காதில் விழாமல் போகலாம்.

குற்றாலத்தை விட்டு இறங்கியதும் ஆறு அடங்கிவிடுகிறது. இலஞ்சியில் குமாரக் கடவுளைத் தரிசித்துக்கொண்டு, செங்கோட்டைப் பக்கமிருந்து வரும் ஹரிஹர நதியையும் ஐந்தருவியின் நீரையும் சேர்த்துக்கொண்டு, தென்காசியை அடைகிறது. அங்கே கரையில் காசி விசுவநாதர் கோயில். பராக்கிரம பாண்டியன் கனவில் இறைவன் தோன்றி, எறும்புச் சாரை செல்லும் வழியே போ, அது முடியும் இடத்தில் எனக்குக் கோயில் எடு என்று பணித்ததாக வரலாறு. எறும்புகள் சிற்றாற்றங்கரைச் செண்பகவனத்துக்கு அழைத்து வந்தன. 1446இல் திருப்பணி தொடங்கியது. ஒன்பது நிலை ராஜகோபுரம் பிற்காலத்தில் தீயால் சிதைந்து மொட்டைக் கோபுரமாகவே நெடுங்காலம் நின்று, மீண்டும் எழுப்பப்பட்டு 1990இல் குடமுழுக்குக் கண்டது. கோபுர வாசலில் நுழைவோரை ஆற்றுக்காற்று முன்னும் பின்னும் தள்ளி விளையாடுவது இன்றும் உண்டு.

அந்த மன்னன் பொறித்துவைத்த கல்வெட்டுச் செய்தி ஒன்று உள்ளத்தைத் தொடக்கூடியது. தான் எடுத்த கோயிலில் பிற்காலத்தில் ஏதேனும் குறை நேர்ந்து, அதை யாராவது சீர்செய்தால், அவர்களுடைய பாதங்களில் விழுந்து வணங்குவதாக அவன் சொல்லியிருக்கிறான். நாடாண்டவன், தன் காலத்துக்குப் பின் பிறக்கப் போகும் முகம் தெரியாத ஒரு கொத்தனாரின் காலில் முன்கூட்டியே விழுந்துவிட்டான்.

அந்தக் கோயிலுக்கு அருகில் எழுபத்தெட்டு வயதுடைய ஒரு மூதாட்டி இருந்தார். கணவர் பள்ளி ஆசிரியராக இருந்து காலமானவர். மகன் சென்னையில். மணமாகி வந்த புதிதில் விடியற்காலையில் பித்தளைக் குடத்தோடு ஆற்றுக்குப் போவார். நீர் குறைந்த கோடையில் மணலில் கையாலேயே ஊற்றுத் தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடம் நிறைப்பார். அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகும் என்பது அவர் கட்சி. குழாய்த் தண்ணீர் வந்த பிறகும் சுவாமிக்கு ஒரு செம்பு ஆற்றிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஊர் பெருகியது. வீடுகளின் சாக்கடை ஆற்றை நோக்கித் திரும்பியது. ஊற்றுத் தோண்டிய மணலும் லாரிகளில் ஏறிப் போயிற்று. ஒரு நாள் அவர் படித்துறையில் சிறிது நேரம் நின்றுவிட்டு வெறுஞ்செம்போடு திரும்பி வந்தார். அதற்குப் பிறகு போகவில்லை.

ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் பிதுர்தர்ப்பணம் செய்யப் பெருங்கூட்டம் கூடும். மகன் அன்று சென்னையிலிருந்து வந்துவிடுவார். ஒரு முறை சடங்கு முடிந்ததும், பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்து அவரும் உடுத்தியிருந்த வேட்டியை ஆற்றில் விடப் போனார். அந்த அம்மாள் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏய்யா, அப்பா உயிரோட இருந்தப்ப ஆத்துல எச்சில்கூடத் துப்ப விடமாட்டாரு. அவருக்குச் செய்யுற காரியத்துல இதைச் செய்யலாமா?" என்றார். வேட்டி வீட்டுக்குத் திரும்பி வந்து துவைத்துக் கொடியில் காய்ந்தது. சாத்திரத்துக்குக் குறை வந்ததா என்று கேட்டால், எள்ளையும் நீரையும் விடச் சொன்ன சாத்திரம் துணிமூட்டையை விடச் சொல்லியிருக்காது என்பதே விஷயம் அறிந்தோர் கருத்து.

தென்காசிக்குக் கிழக்கே ஆற்றின் வேலை மாறுகிறது. அதுவரை அருவியாகவும் தீர்த்தமாகவும் இருந்தது இனி உழவர் கைக்குப் போகிறது. சிற்றாற்றின் குறுக்கே பெரிய நீர்த்தேக்கம் ஏதும் இல்லை. அதற்குப் பதிலாகக் குள்ளமான அணைக்கட்டுகள் வழிநெடுக, 15க்கும் மேற்பட்டவை, கட்டப்பட்டிருக்கின்றன. அணை என்றதும் மேட்டூரையோ பாபநாசத்தையோ நினைத்துக்கொள்ளக் கூடாது. ஆற்றின் குறுக்கே போட்ட கல்வரம்பு என்று கொள்ளலாம். அது நீரைத் தேக்கிவைப்பதில்லை. சற்றே உயர்த்திப் பக்கத்துக் காலில் திருப்பிவிடுகிறது. கால் நிறைந்ததும் மிச்ச நீர் வரம்பின் மேலே வழிந்து அடுத்த அணைக்கட்டுக்குப் போகும். கால்வாயில் போன நீர் சில வயல்களுக்கு நேரே பாயும். பெரும்பகுதி குளங்களில் நிறையும். இப்படி நிறையும் குளங்கள் நூற்றுக்கு மேல். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அந்த நீர் அடுத்த குளத்துக்கு வரவு. அங்கிருந்து மறுகால் அதற்கடுத்த குளத்துக்கு. ஒரு சொட்டு நீரை எத்தனை பேர் கை மாற்றி வாங்கிச் செலவழித்திருக்கிறார்கள் என்பதைக் கணக்கெழுதிப் பார்த்தால், இன்றைய நிதித்துறை வல்லுநர்களும் அந்தப் பேரேட்டைக் கும்பிடுவார்கள்.

சாரல் மழையின் நீரில் கார் சாகுபடி. ஐப்பசி மழையின் நீரில் பிசானம். இந்த இரண்டு சொற்களும் நெல்லைச் சீமைக்கு வெளியே பலருக்குத் தெரியாது. அந்தச் சீமைக்குள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் பெண்களின் கல்யாணமும் இந்த இரண்டு சொற்களைக் கொண்டே நிச்சயிக்கப்பட்டன. பதினாறு திருக்கரங்களோடு நரசிம்மர் எழுந்தருளியிருக்கும் கீழப்பாவூரிலும் குளம்தான் ஊரின் உயிர். மடையைத் திறப்பதற்கும் அடைப்பதற்கும் தனியே ஆள் இருந்தான். அவனுக்கு அறுவடையில் பங்கு உண்டு. கால்வாயைத் தூர்வாரும் வேலைக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வர வேண்டும். அதற்குக் குடிமராமத்து என்று பெயர்.

இந்த ஏற்பாட்டில் ஒரு துன்பமும் உண்டு. தலைமடைக்காரர் கை நீண்டால் கடைமடைக்காரர் வயிறு காயும். மேலே இருப்பவர் ஒரு நாள் கூடுதலாகத் திறந்து வைத்தால் கீழே இருப்பவரின் பயிர் பால்பிடிக்கும் தருணத்தில் கருகிவிடும். ஊர்களுக்குள் மூண்ட சண்டைகள் பலவற்றுக்கு மூலம் இதுவே. இப்போது தூர்ந்துபோன கால்களிலும் சீமைக்கருவேலம் மண்டிய குளங்களிலும் நீர் கடைசி வரை போய்ச் சேர்வதே அரிதாகிவிட்டது.

கடைமடை ஊர் என்றால் மானூரைச் சொல்ல வேண்டும். அங்குள்ள பெரிய குளம் சிற்றாற்று நீரை எதிர்பார்த்தே இருப்பது. அந்த ஊருக்குச் சரித்திரத்தில் இருக்கும் இடம் பெரியது. ஏறத்தாழ கி.பி. 800ஐ ஒட்டிய காலத்துப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று, ஊர்ச் சபையில் உறுப்பினராக இருப்பவர்களுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று விதித்திருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கும் முற்பட்டது அது. நீரைப் பங்கிட்டு வாழ்ந்த ஊருக்கு நியாயமான சபை எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை. பக்தர்களுக்கோ மானூர் வேறொரு காரணத்தால் இனிய பெயர். கருவூர்ச் சித்தர் நெல்லைக்கு வந்து சுவாமியை அழைத்தபோது பதில் வரவில்லை என்று மனம் வருந்தி மானூருக்குப் போய்விட்டார். நெல்லையப்பரே பின்தொடர்ந்து சென்று அவருக்குக் காட்சி கொடுத்தார். ஆண்டுதோறும் ஆவணி மூலத்தன்று சுவாமி இன்றும் மானூருக்கு எழுந்தருளுகிறார்.

வீரகேரளம்புதூர், கங்கைகொண்டான் என்று இன்னும் எத்தனையோ ஊர்கள் ஆற்றங்கரையில். மேக்கரையிலிருந்து வரும் அனுமன் நதி சிற்றாற்றோடு சேர்வது வீரகேரளம்புதூர்ப் பக்கத்தில்தான். அங்கே இருந்த ஊற்றுமலை ஜமீன்தார் மருதப்பத் தேவரின் ஆதரவில்தான் அண்ணாமலை ரெட்டியார் காவடிச் சிந்து பாடினார். கழுகுமலை முருகனைப் பாடிய நாவு சிற்றாற்று நீரைக் குடித்த நாவு. கங்கைகொண்டானில் கைலாசநாதர். அதற்குப் பிறகு ஆறு ஓசையின்றித் தாமிரபரணியை நோக்கிப் போகிறது.

மகன் விடுப்பில் வந்திருந்த ஓர் ஆவணியில் அந்த மூதாட்டியை மூலத் திருவிழாவுக்காக மானூருக்குக் காரில் அழைத்துப் போனார். கூட்டத்தில் அவருக்குச் சுவாமி தரிசனம் நன்றாகக் கிடைத்தது. திரும்பும்போது அந்த அம்மாள், "சீவலப்பேரி இங்கேயிருந்து ரொம்ப தூரமா?" என்று கேட்டார். அறுபது ஆண்டு சிற்றாற்றங்கரையில் வாழ்ந்தவர், ஆறு போய்ச் சேரும் இடத்தைப் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிந்த ஆறு குற்றாலத்துக்கும் தென்காசிப் படித்துறைக்கும் இடைப்பட்டது மட்டும்தான்.

சீவலப்பேரி பழைய பாட்டுக்களில் முக்கூடல். தாமிரபரணியும் சிற்றாறும் கயத்தாற்றுப் பக்கத்து ஓடையும் கூடும் இடம் என்பதால் அந்தப் பெயர். முக்கூடற்பள்ளு எழுந்தது இந்த ஊரையும் இங்குள்ள அழகரையும் வைத்துத்தான். துர்க்கையம்மன் சன்னிதியும் சுடலைமாட சுவாமியும் சுற்றுவட்டாரத்தில் மிகப் பிரசித்தம். அம்மாள் துர்க்கையைத் தரிசித்துவிட்டு மெல்ல ஆற்றங்கரைக்கு நடந்தார். தாமிரபரணியில் நீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இதுல நம்ம ஆத்துத் தண்ணி எதுய்யா?" என்று மகனைக் கேட்டார்.

மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் கையைக் காட்டினார். அவர் காட்டிய பக்கத்தில் மணலும் முள்ளும் கிடந்தன. நடுவே ஒரு குட்டை. "மேல காருக்குத் திறந்துட்டாங்கம்மா. ஐப்பசியில மழை பிடிச்சா வந்திரும்" என்றார் அவர்.

அம்மாள் பையிலிருந்து செம்பை எடுத்தார். அன்று விடியற்காலையில் மகன் குற்றாலத்துக்குப் போய்ப் பேரருவியில் பிடித்து வந்த நீர். துர்க்கையின் அபிஷேகத்துக்குக் கொடுத்ததுபோகப் பாதி இருந்தது. மணலில் மெதுவாக இறங்கி, தாமிரபரணியின் ஓரம் வரை போய், மகன் தோளைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அதை அந்த ஆற்றில் ஊற்றினார். பிறகு செம்பை அதே நீரில் அலம்பி, முந்தானையால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.